கூரையைத் தூக்காதீர்கள்

பிள்ளைக்கு ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுத்திருக்கிற அப்பா அம்மாக்களிடம் நேராகவே கேட்கிறேன். அது தூங்குகிற குட்டி வீட்டின் கூரையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குகிறீர்கள்? பக்கத்து ஃப்ளாட் குழந்தை வந்தால் ஒரு தடவை. ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் ஒரு தடவை. வீடியோ காலில் சித்தி "எங்கே, காட்டு பார்க்கலாம்" என்றால் இன்னொரு தடவை. பிள்ளைதான் தூக்குகிறது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அது பெரியவர்களின் கைதான்.

எங்கள் அடுக்ககத்தில் சமீபத்தில் ஒரு பிறந்தநாள். ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு அவள் மாமா கொடுத்த பரிசு, தங்க நிறத்தில் ஒரு சிரியன் ஹாம்ஸ்டர். பிங்க் நிறக் கூண்டு, உள்ளே மஞ்சள் கூரை போட்ட பிளாஸ்டிக் வீடு, அதில் இதய வடிவத்தில் ஜன்னல். மதியம் மூன்று மணி இருக்கும். கேக் வெட்டியாயிற்று. எல்லோரும் பார்க்கட்டும் என்று குழந்தையின் அப்பா கூரையை எடுத்தார். உள்ளே அது உருண்டையாகச் சுருண்டு கிடந்தது. இரண்டு காதுகளும் மடிந்து தலையோடு ஒட்டியிருந்தன. தூங்கி எழுந்த ஹாம்ஸ்டருக்குக் காது விரியக் கொஞ்ச நேரம் ஆகும். மடிந்த காதோடு இருக்கிறதென்றால் அது இன்னும் முழுதாக விழிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு கண் திறந்திருந்தது, மற்றது பாதிதான். தலைக்கு மேலே ஏழெட்டு முகங்கள், செல்போன் வெளிச்சம். அது மல்லாந்து விழுந்து, பல்லைக் காட்டிக் கிறீச்சிட்டது. "சிரிக்குது பாரு" என்றார் ஒருவர். குழந்தை ஆசையாகக் கையை விட்டாள். விரல் நுனியில் கடி. ஒரே அழுகை. "கடிக்கிற ரகமா குடுத்துட்டான், நாளைக்கே மாத்திடலாம்" என்றார் அப்பா.

கடிக்கிற ரகம் என்று ஒன்று கிடையாது, ஐயா. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவரின் போர்வையை உருவி, முகத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அவரும் நல்ல வார்த்தை பேசமாட்டார். அந்த ஹாம்ஸ்டர் பத்துப் பதினைந்து விநாடி எச்சரித்துவிட்டுத்தான் கடித்தது. அந்த எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஹாம்ஸ்டருக்குக் கூண்டு வீடு அல்ல. கூண்டு அதற்கு ஊர். அந்த ஊருக்குள் இருட்டாக, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வீடு இருந்தால்தான் அது நிம்மதியாக இருக்கும். நிம்மதியாக இருந்தால்தான் உங்கள் பிள்ளையின் கைக்குப் பயப்படாமல் வரும். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதல் நாளே கையில் எடுக்கிறோம், வீட்டைக் கடைசியில் யோசிக்கிறோம். அப்போதும் நம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறீர்களா? நல்ல கதை அது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு கோதுமை வயலைத் தோண்ட வைத்தார். காலா அசார் போன்ற லீஷ்மேனியா நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த சால் அட்லர் என்ற விஞ்ஞானிக்கு ஆய்வகத்தில் வளர்க்கத் தோதான ஹாம்ஸ்டர் தேவைப்பட்டது. வயலில் பல இடங்களில் மண்ணைக் கிளறிப் பார்த்த பிறகு, சுமார் எட்டடி ஆழத்தில் ஒரு கூடு கிடைத்தது. அதில் ஒரு தாய், பதினொரு குட்டிகள். இன்று உலகம் முழுக்க வீடுகளில் வளர்கிற சிரியன் ஹாம்ஸ்டர்களில் அநேகமாக எல்லாமே அந்த ஒரு கூட்டுக் குட்டிகளின் வழி வந்தவை. சென்னையில் நீங்கள் வாங்கி வந்ததும் அப்படித்தான்.

கதையின் அடுத்த பகுதியைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். தோண்டி எடுத்த தாயையும் குட்டிகளையும் ஒரு பெட்டிக்குள் போட்டார்கள். போட்டதும் அந்தத் தாய் தன் பக்கத்தில் வந்த குட்டியின் தலையைக் கடித்துக் கொன்றது. எட்டடி மண்ணுக்கு அடியில் இருட்டில் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்தது, திடீரென்று கூரையே இல்லாத வெளிச்சத்தில் கிடக்கிறது. அந்தக் கலக்கத்தில் செய்த காரியம் அது. கூட்டைத் திறந்துவிட்டால் ஹாம்ஸ்டருக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இன்றைக்கும் குட்டி போட்ட ஹாம்ஸ்டரின் கூட்டை முதல் இரண்டு வாரம் தொடவே கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். சினைக்காலம் வெறும் 16 நாள். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் கிடந்ததென்றால், தனி ஒன்றை வாங்கி வந்த உங்கள் வீட்டிலும் ஒரு நாள் காலையில் குட்டிகள் இருக்கும். "எத்தனை இருக்கு பார்க்கலாம்" என்று அன்றைக்குக் கூரையைத் தூக்கினால், மறுநாள் குட்டிகள் இல்லாமல் போகலாம். குழந்தைக்கு அதை எப்படி விளக்குவீர்கள்?

காட்டு ஹாம்ஸ்டரின் வளையைப் பிற்பாடு ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் சிரியாவிலும் துருக்கியிலும் வயல்களில் அளந்து பார்த்து 2001-இல் எழுதினார்கள். வளைகளின் ஆழம் 36 முதல் 106 சென்டிமீட்டர், சராசரியாக 65. ஒரு வளைக்கு வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றே ஒன்று. தூங்க ஓர் அறை, தானியம் சேர்க்க இடம், சிறுநீர் கழிக்கத் தனி மூலை. இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகக் கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தும் இந்தப் புத்தி அதற்குப் போகவில்லை. உங்கள் வீட்டு ஹாம்ஸ்டர் கூண்டின் ஒரு மூலையை ராத்திரி முழுக்கச் சுரண்டுகிறதே, அது விளையாட்டு என்று நினைத்துவிட்டீர்களா? தோண்ட இடமில்லாமல் பிளாஸ்டிக்கைத் தோண்டுகிறது.

கம்பியைக் கடிப்பதும் அதே கதைதான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. ஹாம்ஸ்டர்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 10 சென்டிமீட்டர், இன்னொன்றுக்கு 40, மற்றதற்கு 80 சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கைத் தூள் போட்டார்கள். 10 சென்டிமீட்டர் கூண்டில் இருந்தவை மிக அதிகமாகக் கம்பியைக் கடித்தன. 80 சென்டிமீட்டர் ஆழம் கிடைத்தவற்றில் ஒன்றுகூடக் கம்பியைத் தொடவில்லை. உள்ளே வளை தோண்டிக் குடியேறிவிட்டன. நம் வீடுகளில் எவ்வளவு போடுகிறோம்? இரண்டு விரற்கடை. தரை தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம்.

கூண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சரியில்லாமல் வீடு சரியாக அமையாது. ஜெர்மனியில் விலங்கு நலனுக்கான கால்நடை மருத்துவர் சங்கம் ஒரு ஹாம்ஸ்டருக்குக் கேட்கிற குறைந்தபட்ச இடம், 100 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம். கடையில் நமக்குக் கட்டிக் கொடுக்கிற கலர் கூண்டு இதில் பாதிகூட இருக்காது. அதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. எத்தனை வீட்டுப் பரணில் பழைய மீன் தொட்டி தூசி படிந்து கிடக்கிறது! நீர் ஒழுகுகிறது என்று ஒதுக்கியதாக இருக்கலாம். ஹாம்ஸ்டருக்கு நீர் ஒழுகினால் என்ன? மூன்றரை அடிக்குக் குறையாத தொட்டியாக இருந்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்து, மேலே கண்ணாடி மூடிக்குப் பதிலாகக் கம்பி வலை போடுங்கள். ஒரு பக்கம் 25, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் படுக்கையை நிரப்பி, மறுபக்கம் தாழ்வாக விட்டுவிடலாம். தூசி இல்லாத மரச்சீவல், காகிதப் படுக்கை, நடுநடுவே காய்ந்த புல் என்று மாற்றி மாற்றிப் போட்டு அழுத்தினால் வளை சரியாமல் நிற்கும். தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கிறது என்று தூளை அள்ளி வராதீர்கள். பிளைவுட் பசையும் வார்னிஷும் கலந்த அந்தத் தூசு அதன் மூச்சுக்குழாயைக் கெடுத்துவிடும்.

இப்போது வீடு. பிளாஸ்டிக் வீட்டை எடுத்துவிடுங்கள். மூச்சின் ஈரமும் சிறுநீரின் ஈரமும் அதன் சுவரில் முத்து முத்தாகக் கோத்து, படுக்கை சில நாளிலேயே நனைந்து நாறும். நம் ஊர் வெயிலில் அந்த மூடிய பிளாஸ்டிக்குக்குள் இருக்கவே முடியாது. கடித்து விழுங்கினாலும் ஆபத்து. பெயின்ட், வார்னிஷ் எதுவும் அடிக்காத மரத்தில் ஒரு வீடு செய்யுங்கள், அல்லது தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்குங்கள். சிரியன் ஹாம்ஸ்டருக்குத் தூங்கும் அறை உள்ளளவில் ஒரு சாண் சதுரத்துக்குக் குறைவாக, 15 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. அதைவிடப் பெரிய ஒற்றை அறையை அது விரும்பாது. இடம் இருந்தால் நடுவில் ஒரு தடுப்பு வைத்து இரண்டு அறையாக்குங்கள். ஒன்றில் தூங்கும், மற்றதில் தானியம் சேர்க்கும். ஜன்னல் வேண்டாம். காற்றுக்கு வாசலும், கூரையோரம் மெல்லிய இடுக்கும் போதும்.

வாசல் 7 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகள் தோற்றுப்போகிற இடம் இதுதான். ஹாம்ஸ்டரின் கன்னப்பைகள் தோளைத் தாண்டிப் பின்னால்வரை போகும். வெறும் உடம்பு நுழைகிற ஓட்டையில், கன்னம் நிறைய விதையோடு நுழைய முடியாது. நுழைய முயன்று மாட்டிக்கொள்ளும், அல்லது ஓரத்தில் கிழித்துக்கொள்ளும். குள்ள ரகங்களுக்கு 5 சென்டிமீட்டர் போதும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், கண்ணளவு வேண்டாம். ஓரத்தை உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துவிடுங்கள்.

தரை வைக்காதீர்கள். அடிப்பக்கம் திறந்த வீடாக இருந்தால் ஹாம்ஸ்டர் தன் அறைக்குள்ளிருந்தே கீழே தோண்டி இறங்கும். அதுதான் அதன் இயல்பு. ஆனால் கனமான வீட்டை வெறும் தூள் மேல் வைத்துவிட்டால், அது அடியில் தோண்டும்போது வீடு சரிந்து அதன்மேல் உட்காரும். தொட்டியின் அடித்தளம் வரை எட்டுகிற மாதிரி நான்கு மரக்கால்கள் கொடுத்து, அதன்மேல் வீட்டை நிறுத்துங்கள். மண்சட்டியோ பூந்தொட்டியோ சாய்த்து வைப்பதாக இருந்தாலும் இதே கவனம் வேண்டும்.

மண்சட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர் மே மாதத்துக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. சுட்ட மண் குளிர்ச்சியாக இருக்கும், ஈரத்தை உறிஞ்சும், கடித்தாலும் கெடுதலில்லை. கழுத்து அகன்ற சின்னச் சட்டியைப் பாதி புதைத்து வைத்தால் கோடைக்கு அதுவே இரண்டாவது வீடு. ரோபோராவ்ஸ்கி போன்ற குட்டி ரகம் என்றால் கொட்டாங்கச்சியே போதும். நார் போகத் தேய்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, வாசல் அறுத்துக் கவிழ்த்து வையுங்கள். தேங்காய் ஒட்டியிருந்தால் பூசணம் பிடிக்கும். ஒன்றும் முடியாவிட்டால் கூரியர் வந்த அட்டைப்பெட்டி இருக்கிறது. ஒட்டியிருக்கும் டேப்பையும் ஸ்டேப்ளர் பின்னையும் உரித்தெடுத்துவிட்டு வாசல் வெட்டிக் கொடுங்கள். கடித்துத் தின்று தீர்க்கும், தீர்த்தால் இன்னொன்று. எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான நல்ல வீடு வேறில்லை.

கடையில் பஞ்சு மெத்தை என்று ஒன்றை விற்கிறார்கள், மென்மையாக, வெள்ளையாக, பார்த்தாலே வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். அந்த மெல்லிய நூல் இழைகள் அதன் காலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப்போகும். கன்னப்பையில் சிக்கும், வயிற்றுக்குள் போனால் குடலை அடைக்கும். வாசனை இல்லாத, சாயம் இல்லாத வெள்ளை டிஷ்யூ காகிதத்தைக் கையால் நீளநீளமாகக் கிழித்துப் போட்டாலே போதும்.

கிழித்ததை வீட்டுக்குள் திணிக்காதீர்கள். வெளியே குவித்து வையுங்கள். பிள்ளையை ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, விளக்கை மங்கலாக்கிவிட்டுக் காட்டுங்கள். ஹாம்ஸ்டர் வந்து ஒரு பட்டையின் நுனியைப் பிடிக்கும். முன்னங்கால்கள் இரண்டாலும் மாறி மாறித் தள்ளி, அவ்வளவு நீளத்தையும் கன்னத்துக்குள் ஏற்றும். அடுத்தது, அதற்கடுத்தது. முகம் இரண்டு மடங்காகும்வரை நிறுத்தாது. பிறகு வாசலில் நுழைந்து, உள்ளே போய், கன்னத்தைப் பின்னாலிருந்து முன்னால் தேய்த்துத் தள்ளி எல்லாவற்றையும் கக்கும். அது வெளியே தெரியாது, சரசரவென்று சத்தம் மட்டும் கேட்கும். மறுபடி வெளியே வரும்போது கன்னம் ஒட்டிப்போயிருக்கும். ஒரு கார்ட்டூன் தொடரைவிடச் சுவாரசியமான காட்சி இது, பிள்ளை ஆடாமல் அசையாமல் பார்க்கும். கூரையைத் தூக்கிக் கூட்டை நாமே "அழகாக" அடுக்கி வைக்கிற பெற்றோர் பிள்ளைக்கு இதைக் கிடைக்காமல் செய்துவிடுகிறார்கள்.

புதிதாக வந்த ஹாம்ஸ்டரைக் குடியேற்றுவதற்கு நிதானம் வேண்டும். கடையில் அது படுத்திருந்த தூளில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி வாருங்கள். புது வீட்டுக்குள் அதைப் போட்டால், தன் வாசனை இருக்கிறது என்று உள்ளே போகும். முதல் சில நாள் தண்ணீரும் தீனியும் மாற்றுவதோடு சரி. தொடவேண்டாம், தூக்கவேண்டாம், வந்தவர்களுக்குக் காட்டவேண்டாம். தொட்டியின் ஒரு பக்கத்தைத் துணி போட்டு மூடுங்கள். வீட்டை அந்த இருட்டுப் பக்கத்தில், ஓடும் சக்கரத்துக்கு எட்டத்தில், தண்ணீர் பாட்டில் சொட்டாத இடத்தில் வையுங்கள். டிவி, மிக்ஸி, ஸ்பீக்கர் பக்கத்தில் தொட்டியே இருக்கக்கூடாது. நமக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலிகள்கூட அதன் காதுக்குக் கேட்கும்.

ஏற்கெனவே பிளாஸ்டிக் வீட்டில் இருக்கிற ஹாம்ஸ்டரை மாற்றுகிறவர்கள், பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியதைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். மறுநாள் அது மூலையில் நடுங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழைய கூட்டிலிருந்து கொஞ்சம் காகிதத்தை, அது வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் புதிய வீட்டில் போடுங்கள். தானாகச் சாமான் தூக்கிக்கொண்டு போன பிறகு பழையதை எடுங்கள்.

"அவ்வளவு செலவு பண்ணி வீடு வாங்கினோம், அது சக்கரத்துக்குப் பின்னால போய்த் தூங்குது" என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. குறை ஹாம்ஸ்டரிடம் இல்லை. நீங்கள் வைத்த இடத்தில் வெளிச்சம் விழுகிறது, அல்லது சூடு, அல்லது வாசல் ஆள் நடமாடும் பக்கம் பார்த்திருக்கிறது. எந்த இடத்தை அது தேர்ந்தெடுத்ததோ அந்த இடத்துக்கு வீட்டை நகர்த்துங்கள். வாசலைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். வீட்டை விட்டுவிட்டு அடியில் வளை தோண்டிக்கொண்டு போய்விட்டது என்றால் சந்தோஷப்படுங்கள், தோண்டிப் பார்க்காதீர்கள்.

பார்க்காமல் எப்படித் தெரியும், உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று கேட்கிறீர்கள். தீனிக் கிண்ணத்தைப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். வெளியே வரும் இரவு நேரத்தில் வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து அதற்குள் நடக்க விட்டு எடை பாருங்கள். எடையைப் பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு இரவு முழுக்கத் தீனி தொடாமல் இருந்தாலோ, வாலடி ஈரமாக, நாற்றத்தோடு இருந்தாலோ அப்போது கட்டாயம் திறந்து பாருங்கள். வாலடி ஈரம் வயிற்றுப்போக்கு நோயின் அடையாளம். ஓரிரு நாளில் உயிரையே கொண்டுபோய்விடும், உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கடும் குளிரில் ஹாம்ஸ்டர் உடம்பு சில்லிட்டு அசையாமல் உறைதூக்கத்தில் கிடக்கும். மூச்சு வருவதே தெரியாது. செத்துவிட்டது என்று அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். மெதுவாகக் கதகதப்பூட்டி மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்னை, மதுரை, வேலூர் வீடுகளில் பயம் வேறு. ஹாம்ஸ்டருக்கு உகந்தது 18 முதல் 24 டிகிரி. நமக்கு மே மாதத்தில் வெளியே 40. காட்டில் அது வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொட்டியில் இறங்க ஆழமும் இல்லை, மண்சட்டியும் இல்லையென்றால் எங்கே போகும்? மொட்டைமாடிக்குக் கீழ் அறையிலும், மேற்குப் பார்த்த ஜன்னலோரத்திலும், பால்கனியிலும் வைக்காதீர்கள். மார்பிள் துண்டு ஒன்றை வீட்டு வாசலில் போடுங்கள். ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே கண்ணாடியை ஒட்டி நிறுத்துங்கள். மின்விசிறியை நேராக அதன்மேல் திருப்ப வேண்டாம், அறைக் காற்று ஓடினால் போதும்.

நம் வீட்டு எறும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஹாம்ஸ்டர் தானியத்தைக் கூட்டுக்குள் பதுக்கும். எறும்பு மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். அதற்காக எறும்பு சாக்பீஸால் தொட்டியைச் சுற்றிக் கோடு போடுகிறவர்களை, மேலே கொசுவர்த்தி வைக்கிறவர்களை, பக்கத்தில் அந்துருண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாமே விஷம், எல்லாமே மூச்சுக்குக் கெடுதல். தொட்டி நிற்கும் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், நம் பாட்டிகள் மாவுப் பாத்திரத்துக்குச் செய்த அதே வேலைதான். பழம், காய் போன்ற ஈரமான தீனியை மட்டும் மறுநாள் காலைக்குள் எடுத்துவிடுங்கள். உலர்ந்த விதைச் சேமிப்பை விட்டுவிடுங்கள். அது சம்பாதித்து வைத்தது.

வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற கையோடு ஹாம்ஸ்டர் வீட்டையும் சோப்புப் போட்டு அலசிக் காயவைக்கிற அம்மாக்களே, உங்கள் சுத்தத்தை மதிக்கிறேன், ஆனால் அதை இங்கே காட்டாதீர்கள். அதன் உடம்பிலிருந்து சுரக்கிற வாசனையால்தான் அது "இது என் வீடு" என்று அடையாளம் வைக்கிறது. மொத்தமாக அலசிவிட்டால் வாராவாரம் அது வீடிழந்துபோகிறது. சிறுநீர் மூலையை மட்டும் தினம் அள்ளிப் போடுங்கள். அந்த மூலையில் சுத்தமான மணல் போட்ட ஒரு சின்னக் கிண்ணம் வைத்தால் அதிலேயே போகப் பழகிக்கொள்ளும். படுக்கையில் மூன்றில் ஒரு பங்கை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். கூட்டைக் கலைக்காதீர்கள்.

ஜோடியாக வாங்கி ஒரே வீட்டில் விடுகிறவர்களுக்கு ஒரே வரி: சிரியன் ஹாம்ஸ்டர் வளர்ந்ததும் இன்னொன்றைத் தன் வீட்டில் பொறுக்காது; சண்டை சாவில் முடியும். தனியாக இருக்கிறதே என்று பிள்ளை வருத்தப்பட்டால், வளைக்கு ஒன்று என்ற கணக்கைச் சொல்லுங்கள்.

"எலிதானே, இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று வீட்டில் யாராவது சொன்னால், 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். ஒரு விலங்கு நியாயமாக நடமாட முடியாத அளவு நீள அகல உயரம் குறைந்த கூண்டில் அதை அடைப்பது இந்தச் சட்டப்படி கொடுமை. அதில் எலிக்கு விலக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.

பிள்ளை எப்போதுதான் அதோடு விளையாடுவது என்ற கேள்வி நியாயமானது. பெரியவர்கள் பொறுமையாக இருந்தால் பதில் இருக்கிறது. காட்டில் இவை பகலிலும் வெளியே வருவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் நம் வீட்டுத் தொட்டியில் அது ராத்திரிப் பிராணிதான். அது தானாக வெளியே வந்து, காது விரிந்து, முகம் கழுவி முடித்த பிறகு, பிள்ளை ஒரு பூசணி விதையை உள்ளங்கையில் வைத்து, கையைத் தொட்டித் தரையில் அசையாமல் வைக்கட்டும். முதல் நாள் வராது. மூன்றாம் நாள் மோந்து பார்த்துவிட்டு ஓடும். ஒரு நாள் விதையை எடுத்துக்கொண்டு ஓடும். இன்னொரு நாள் கையிலேயே உட்கார்ந்து உரிக்கும். பள்ளிக்கூடம் போகிற குழந்தை ஒன்பதரைக்குள் தூங்கியாக வேண்டும், அதற்கு இது ஒத்துவராது என்கிறீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டுக்கு ஹாம்ஸ்டர் ஒத்துவராது. வாங்காதீர்கள், அடுத்த பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்குங்கள். அது இரண்டு, இரண்டரை ஆண்டு மட்டும் வாழ்கிற உயிர். அவ்வளவு காலமும் அதைப் பகலில் எழுப்பிக்கொண்டே இருப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். தொட்டியை இறக்கிக் கழுவி வெயிலில் வையுங்கள். அட்டைப்பெட்டியில் வாசலைப் பிள்ளையே அளந்து கோடு போடட்டும், நீங்கள் வெட்டிக் கொடுங்கள். சாயங்காலத்துக்குள் படுக்கையை நிரப்பி, வீட்டை இருட்டு மூலையில் நிறுத்தி, டிஷ்யூவைக் கிழித்து வெளியே போட்டுவிட்டு, பக்கத்து ஃப்ளாட்டில் சொல்லிவிடுங்கள்: ஒரு வாரத்துக்கு யாருக்கும் காட்டுவதாக இல்லை.